வாசலில் நின்று சொல்கிறவர்

சாவு நடந்த வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எப்படி ஆச்சு?" குரலைத் தாழ்த்தி, புருவத்தைச் சுருக்கி, பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தனக்கு மட்டும் உள்தகவல் கிடைக்கப்போகிறது என்ற நம்பிக்கையோடு கேட்பார்கள். இருநூறு பேர் வந்தால் இருநூறு தடவை. தாயைப் பறிகொடுத்த மகன் ஐந்தாவது தடவை தடுமாறுவான். பத்தாவது தடவை எரிந்து விழுவான். இருபதாவது தடவை கதையே மாறிவிடும். காலை ஆறு மணிக்குப் போனவர் மத்தியானத்துக்குள் ஏழரை மணிக்குப் போயிருப்பார். அப்புறம் வந்தவர்களெல்லாம் வாசலில் கூடி நின்று, ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவில் அந்த வீட்டில் என்னதான் நடந்தது என்று துப்புத் துலக்க ஆரம்பிப்பார்கள்.

இந்தச் சங்கடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். பேருந்து நிலையத்து விசாரணை கவுன்ட்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிறியவர்களுக்கு விசாரணை மாமா, பெரியவர்களுக்கு வெறும் விசாரணை. அவர் தலைக்குப் பின்னால் சுவர் நிறைய எந்த வண்டி எப்போது, எந்த இடத்திலிருந்து என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். இருந்தாலும் ஜனங்கள் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாகக் குனிந்து அவரைத்தான் கேட்பார்கள். அவர் சொல்வார். ஒரே பதிலை முந்நூறாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே நிதானத்தோடு, அப்போதுதான் தனக்கே தெரிய வந்ததுபோலச் சொல்வார். இது ஒரு வரம். கல்யாண வாழ்க்கைக்கு உதவாத வரம், ஆனால் வரம்தான்.

துக்க வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தது தற்செயலாக. கூட வேலை பார்த்தவரின் தகப்பனார் இறந்தபோது உட்கார நாற்காலி கிடைக்காமல் வாசலில் நின்றார். வந்தவன் ஒருவன் அவரைக் கேட்டான், சொன்னார். அடுத்தவன் கேட்டான், சொன்னார். சாயங்காலம் அந்த வீட்டம்மாள் வெளியே வந்து, "பாதிப் பாரத்தை நீங்க சுமந்துட்டீங்க" என்று கும்பிட்டாள். அதிலிருந்து எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் டாக்டருக்கு அடுத்த போன் இவருக்கு.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் வீட்டுக்காரர்களை ஓரமாகக் கூட்டிப்போய், "நடந்ததை நடந்தபடி எனக்குச் சொல்லுங்க. வெளியில என்ன சொல்லணும்கறதை நான் பார்த்துக்கறேன்" என்பார். கேட்பார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசிப்பார். பிறகு நாலு வாக்கியம் பிறக்கும். வாடகைக்குக் குடியிருந்தவனோடு தகராறு செய்யும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த ஒரு பெரியவருக்கு, "பேசிக்கிட்டே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்று அமைத்துக் கொடுத்தார். யாரோடு பேசினார், என்ன பேசினார், கையில் எதை ஓங்கிக்கொண்டு பேசினார் என்பதெல்லாம் வாசலைத் தாண்டவில்லை. நாலாவது வாக்கியம் எல்லோருக்கும் பொது: "கஷ்டப்படல." அதைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுவார். கேட்டவரும் கூடவே ஒரு மூச்சு விட்டுவிட்டு உள்ளே போவார்.

வருகிறவர்களையும் அவர் பழக்கி வைத்திருந்தார். வயதைக் கேட்டுவிட்டு மனக்கணக்குப் போடுகிற முகத்தோடு நிற்காதே. உன் பெரியப்பா இதைவிட மோசமாகப் போனதை இங்கே சொல்லாதே. மின்விசிறிக்கு நேரே இருக்கிற நாற்காலி உனக்கு இல்லை, அழுகிறவர்களுக்கு. 'நான் இருக்கேன்' என்று சொல்லாதே, அடுத்த வாரம் அவர்கள் உன்னைத் தேடினால் நீ இருக்க மாட்டாய். எல்லாவற்றுக்கும் மேலாக, போன். துக்க வீட்டில் எவன் போன் அடிக்கிறதோ அவனையும் பெட்டியில் சேர்த்து வைத்து அனுப்பலாம் என்பது அவர் கட்சி. தன் போனின் வாயை அடைத்துப் பைக்குள் போட்டு, பையை உள்ளே ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வாசலுக்கு வருவார்.

அவர் மனைவிக்கு இதில் பெருமை கிடையாது. "உங்களுக்குச் செத்தவங்கதான் சொந்தக்காரங்க. உசிரோட இருக்கறவங்க எல்லாம் தெரிஞ்சவங்க, அவ்வளவுதான்" என்பாள். அவர் பதில் சொல்ல மாட்டார். வீட்டில் அவர் எதற்குமே பதில் சொல்வதில்லை. பணிக்காலத்தில் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டார்.

உயிரோடு இருந்த சொந்தத்தில் அவருக்கு ஒரு தங்கை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்கை விரிப்புகள் வைக்கிற அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். புருஷன் காலமாகிப் பல வருஷம். ஒரே மகன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறான். மாடியில் மகனும் மருமகளும், கீழே இரண்டு அறையில் இவள். மூட்டுவலி வந்த பிறகு அவள் மகனுக்கு அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தாள். அவனுக்கு அது தொந்தரவாக இருந்தது. "வண்டி சொல்லிக் குடுக்கறப்ப போன் வந்தா எவன் மேலயாவது ஏத்திடுவேம்மா" என்று சொல்லி, ஒரு மணி வாங்கி வந்து மாட்டினான். பொத்தான் குளியலறைக் கதவருகே, மணி மாடியில். "எதுன்னாலும் இதை அழுத்துங்க, ஓடி வந்துடுவோம்."

அழுத்தினாள். குழல்விளக்கு மினுங்குகிறது என்று அழுத்தினாள், ஜன்னல் சாத்த முடியவில்லை என்று அழுத்தினாள், யாரோடாவது பேச வேண்டும்போல இருந்ததால் அழுத்தியதும் உண்டு என்பது மருமகளின் குற்றச்சாட்டு. கொஞ்ச நாளில் யாரும் ஓடி வரவில்லை. நடந்தும் வரவில்லை.

"அண்ணா, மேல மணி அடிக்கறதே இல்லபோல இருக்கு" என்று அண்ணனிடம் போனில் சொன்னாள்.

"சொல்லி மாத்தச் சொல்லு."

"எப்படிச் சொல்றது? மணி அடிச்சுத்தானே கூப்பிடணும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே பேப்பர் படித்து முடித்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை அவர் பழைய டிப்போ மேனேஜரின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேனேஜரின் மாமியார் இறந்திருந்தார். அந்த அம்மாளை விசாரணை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் காலை ஒன்பது மணியிலிருந்து, "ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல. நேத்து எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தாங்க. காலையில பார்த்தா மூச்சு இல்ல. கஷ்டப்படல" என்று பிசிறில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். யாரையும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை, யாரும் வரவில்லை என்பது அவருக்கும் மேனேஜருக்கும் மட்டும் தெரிந்த சமாசாரம்.

எல்லாம் முடிந்து மூன்று மணிக்குக் கைகால் கழுவிவிட்டுப் பையை எடுத்தார். போனில் தங்கையின் அழைப்புகள் நாலு. முதலாவது பதினொன்று பத்து. கடைசி பதினொன்று நாற்பத்திரண்டு. 'இப்போது எடுத்தால் ஒரு மணி நேரம்' என்று நினைத்தார். காலையிலிருந்து நின்ற கால் வலித்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கினார். ஏழு மணிக்குக் கூப்பிட்டார். அடித்து அடித்து நின்றது.

"கோவிச்சுக்கிட்டா" என்று மனைவியிடம் சொன்னார். "நாளைக்கு நேர்ல போய்ச் சமாதானம் பண்ணிக்கலாம்."

ஞாயிறு காலையில் தங்கை மகன் கூப்பிட்டான். "மாமா, அம்மா போயிட்டாங்க. உடனே வாங்க." ஒரு நொடி விட்டு, "வாசல்ல நிக்கறதுக்கும் வேற யாரு இருக்கா?" என்றான்.

அவர் போனபோது தங்கையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை போர்த்தி, முழுக்கை உடுப்பு போட்டு, கைகளை வயிற்றின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். தெரிந்த டாக்டர் ஒருவர் வந்து காரணம் 'இதயம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வீட்டில் இதயம் இருந்ததற்கு அன்று கிடைத்த ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

பழக்கம் விடவில்லை. தங்கை மகனை உள்ளறைக்குக் கூட்டிப்போய், "நடந்ததை நடந்தபடி சொல்லு" என்றார்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். காலையில் கீழ்வீட்டிலிருந்து தண்ணீர் வழிந்து கார் நிற்கிற இடம் வரைக்கும் வந்திருந்தது. ராத்திரி பூராக் குழாயைத் திறந்து விட்டிருக்கிறாளே என்று திட்டத்தான் மருமகள் இறங்கிப் போனாள். குளியலறையில் அம்மா விழுந்து கிடந்தாள். எப்போது விழுந்தாள் என்று தெரியாது.

"தெரியாதா?"

"தெரியும்" என்றான். "நேத்து காலையில. பதினோரு மணி வாக்குல."

"மணி?"

"பேட்டரி தீர்ந்துபோச்சு மாமா. மாத்தணும் மாத்தணும்னுதான் இருந்தேன்."

அவர் எழுந்து போய்க் குளியலறைக் கதவருகே இருந்த பொத்தானை அழுத்தினார். மாடியில் சத்தமே இல்லை. படியேறிப் போய் மணிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பேட்டரி தீர்ந்துபோயிருக்கவில்லை, பேட்டரியே இல்லை. சோபாவில் டிவி ரிமோட் கிடந்தது. எடுத்து அழுத்தினார். டிவி உடனே, மிகுந்த உற்சாகத்தோடு, உயிர் பெற்றது.

பின்னாலேயே வந்த மகன் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி அணைத்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து தன் அம்மாவின் போனை எடுத்துக் காட்டினான்.

"எனக்கு ஒண்ணு வந்திருக்கு மாமா. கிளாஸ்ல இருந்தேன், எடுக்கல. உங்களுக்கு நாலு."

விசாரணை திரையில் இருந்த நேரங்களைப் படித்தார்.

"இதை நான் யார்கிட்டயும் காட்டப் போறதில்ல" என்றான் மகன். அவன் குரலில் மிரட்டல் இல்லை; அதுதான் கேட்பதற்கு இன்னும் மோசமாக இருந்தது. "அம்மா போயாச்சு. இனிமே ஊர் வாயில விழுந்து என்ன ஆகப்போகுது? 'ராத்திரி சாப்பிட்டுப் படுத்தாங்க, காலையில எழுந்திருக்கல.' இது போதும்ல? நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க மாமா. எங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

அவர் சன்னமாக, "ரெண்டு வாக்கியம் பத்தாது" என்றார்.

இந்த இடத்தில் அவரைத் திட்ட நினைக்கிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். அவர் செய்தது இதுதான். கீழே இறங்கி வந்தார். தங்கையின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பையை ஆணியில் மாட்டினார். வாசலுக்குப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒன்பது மணிக்கு முதல் ஆள். "எப்படிங்க ஆச்சு?"

"ராத்திரி நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா. சாப்பிட்டுப் படுத்தா. காலையில எழுந்திருக்கல. கஷ்டப்படல."

"தூக்கத்துலயேவா? குடுத்து வச்ச மகராசி."

இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "நேத்து மத்தியானம்கூட உள்ள குழாய்ச் சத்தம் கேட்டுதே" என்றார். "ஆமா, துணி தொவச்சா" என்றார் விசாரணை. சொன்ன பிறகுதான் இது கதையில் இல்லாத ஐந்தாவது வாக்கியம் என்று அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் கூடுதலாக ஒரு சொல் சேர்த்ததில்லை.

பதினொரு மணி சுமாருக்கு ஓர் அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தங்கையோடு அதே விரிப்பு அறையில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த சிநேகிதி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஆனால் இடுப்பு சரியில்லாததால் நடக்க மாட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரு விரிப்பை மடித்தால் இஸ்திரி போட்டது தோற்றுவிடும் என்பதால் அங்கே இவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். அவள் வாசலில் நிற்கவில்லை. எதுவும் கேட்கவில்லை. நேரே உள்ளே போனாள்.

கேள்வி கேட்காமல் உள்ளே போன ஆளை விசாரணைக்குப் பிடிக்கவில்லை. எட்டிப் பார்த்தார். மடிப்பக்கா தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மருமகளைப் பார்த்து, "இவ எந்தக் காலத்துல முழுக்கை போட்டா?" என்று கேட்டாள்.

"குளிருதுன்னு அவங்கதான் ஆன்ட்டி, கொஞ்ச நாளா..."

"குளிருதா? ஆஸ்பத்திரியில மார்கழியில்கூடக் கையைச் சுருட்டி விட்டுக்கிட்டு நிப்பா. கேட்டா, 'கை மூடியிருந்தா மனசு மூடியிருக்கறாப்பல இருக்கு'ம்பா." சொல்லிக்கொண்டே உடுப்பின் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். விரல்களைத் திருப்பி நகங்களைப் பார்த்தாள். பிறகு கையை இறக்கி, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி விட்டுவிட்டு எழுந்தாள்.

வாசலுக்கு வந்தாள். "என்னண்ணா ஆச்சு?"

"ராத்திரி நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா. சாப்பிட்டுப்..."

"யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தா?"

முப்பத்தொரு வருஷ கவுன்ட்டரிலும் அதற்கப்புறம் நின்ற வாசல்களிலும் அவரை இப்படி யாரும் நடுவில் நிறுத்தியதில்லை.

"தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நான் கூப்பிடுவேன்" என்றாள் மடிப்பக்கா. "நேத்துக் கூப்பிட்டேன், எடுக்கல. அண்ணன் வந்திருப்பான், பேசிக்கிட்டிருப்பான்னு விட்டுட்டேன். தூக்கத்துல போறவளுக்கு முழங்கையில தோல் உரியுமா அண்ணா? நகத்துக்குள்ள சுண்ணாம்பு ஏறியிருக்குமா? செவுத்தைப் பிறாண்டியிருக்கா. அவ கையை எனக்குத் தெரியாதா?"

வந்தவர்கள் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். விசாரணை அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கினார். கார் நிறுத்துகிற இடத்தில், இன்னும் ஈரம் காயாத தரையில் நின்றுகொண்டு, மடிப்பக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். குளியலறை, மணி, ரிமோட், நாலு அழைப்பு, மூன்று மணி, நின்ற கால் வலி, பகல் தூக்கம். அழவில்லை. இந்த வண்டி இத்தனை மணிக்கு என்பதைப்போலச் சொன்னார். வேறு விதமாகச் சொல்ல அவருக்குத் தெரியாது.

மடிப்பக்கா அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்கு உதவியாக இருந்திருக்கும்.

"நாலு தடவையுமா உனக்கே போட்டா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எனக்கு ஏன் போடல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு தெரு. ஆட்டோ புடிச்சா அஞ்சு நிமிஷம். வீட்டுலதான் இருந்தேன். போனைக் கையில வச்சுக்கிட்டு ஊர்க்கதை பார்த்துக்கிட்டிருந்தேன். எனக்கு ஒரு தடவை அடிச்சிருக்கலாம்ல?" அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "சொல்லவே சொல்லுவா. 'எனக்கு என்ன பயம், எங்கண்ணன் முன்னபின்ன தெரியாதவங்க வீட்டுக்கே முதல் ஆளா ஓடறவன், எனக்கு வர மாட்டானா'ன்னு. அந்த நெனப்புலயே உன் நம்பரையே அழுத்திக்கிட்டுக் கெடந்திருக்கா, பாவி."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "வேண்டாம். உன் வாயிலேருந்து இன்னொரு வார்த்தை எனக்கு வேண்டாம்." இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஆட்டோ நிற்கிறதா என்றுகூடப் பார்க்காமல் நடந்தே போனாள்.

விசாரணை வாசலுக்குத் திரும்பினார். அங்கே பழைய டிப்போ மேனேஜர் நின்றிருந்தார். நேற்று மாமியாரை அனுப்பிவைத்த களைப்பு முகத்தில் இருந்தது; அதற்குள் மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். விசாரணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நேத்து எங்க வீட்டுல அப்படி நின்னீங்க. இன்னைக்கு உங்களுக்கே இப்படியா? எப்படிப்பா ஆச்சு?"

"பாத்ரூம்ல விழுந்துட்டா சார்."

"அடடா."

"கூப்பிட்டா. யாரும் போகல. மேல மணியில பேட்டரி இல்ல. எனக்கு நாலு தடவை போன் பண்ணா. அப்ப நான் உங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். உங்க மாமியார் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தாங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். பார்த்துட்டும் திருப்பிக் கூப்பிடல. ஒரு பகல், ஒரு ராத்திரி அங்கயே கெடந்திருக்கா. கஷ்டப்பட்டா சார். ரொம்பக் கஷ்டப்பட்டா."

குரலை அவர் தாழ்த்தவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தேவிட்டார். தங்கை மகன் கதவருகே வந்து நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. ஊர் முழுக்க நம்புகிற ஒரே வாய் திறந்துவிட்டது. இனி ஒன்றும் மூட முடியாது என்றுதான் அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

மேனேஜர் விசாரணையின் முதுகைத் தடவிக் கொடுத்தார். "இருக்கும், இருக்கும். தங்கச்சி இல்லையா? மனசு இப்படித்தான் போட்டு அரிக்கும். நாம இல்லாம போயிட்டோமே, நாம பார்த்திருக்கலாமேன்னு." பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "தனக்குன்னு வந்தா எப்பேர்ப்பட்ட மனுஷனும் ஆடித்தான் போயிடறான்" என்றார்.

"நான் உண்மையைச் சொல்றேன் சார்."

"சரிப்பா. சொல்லு. சொல்லித் தீர்த்துடு. உள்ள வச்சுக்கக் கூடாது."

கூடத்தில் உச்சுக்கொட்டும் சத்தம் எழுந்தது. ஒரு பெண்மணி, "பாவம், எத்தனை பேருக்கு ஆறுதல் சொன்ன மனுஷன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருவர், "தன்னையே குத்தம் சொல்லிக்கறார் பாருங்க, அது பாசம்" என்று விளக்கம் கொடுத்தார். ரிமோட்டைப் பற்றி விசாரணை ஆரம்பித்தபோது யாரோ அவர் தோளை அழுத்தி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து வாயருகே பிடித்தார்கள். குடிக்கிறவனால் பேச முடியாது. எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

மருமகள்தான் முதலில் சுதாரித்தாள். புருஷனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். தங்கை மகன் வாசலுக்குப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

அவன் பள்ளியில் வண்டி பழகியவர்கள் ஒரு காரில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவன் குரலைத் தாழ்த்தி, "சார், அம்மாவுக்கு எப்படி ஆச்சு?" என்றான்.

"ராத்திரி நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க சாப்பிட்டுப் படுத்தாங்க காலையில எழுந்திருக்கல கஷ்டப்படல" என்று மகன் ஒரே மூச்சில் கொட்டினான்.

வந்தவன் விழித்தான். அவன் கண் மகனின் முகத்தில் இருந்து நகரவில்லை. பின்னால் நின்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ இருக்கிறது என்று கேட்கிறவனுக்கு எப்போது தோன்றும் என்பது விசாரணைக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இன்னொரு கேள்வி வரும். அதற்கு இவன் உளறுவான். அப்புறம் எல்லாம் தானாக வெளியே வந்துவிடும். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாற்காலியில் பேசாமல் இருந்தால் போதும்.

டம்ளரை வாயிலிருந்து விலக்கினார்.

"அவசரப்படாதடா" என்றார், வாசல் பக்கம் தலையைத் திருப்பாமலே. "படுத்தாங்கன்னு சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்து. நிறுத்தி, அப்புறம் சொல்லு."